கணினியின் லாக் கோப்பைப் படித்துப் பழுது பார்க்கும் ஐந்து ரோட்டுப் பராமரிப்பு நிலையம்

கணினி பழுது பார்ப்பவர்களுக்குச் சேலத்தில் பஞ்சமில்லை. ஆனால் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் சர்வர் (பலர் இணைந்து பயன்படுத்தும் பொதுக் கணினி) ஒன்று கிளம்ப மறுக்கும்போது, எதையும் அழிக்காமல் காரணத்தைத் தேடிக் கண்டுபிடிப்பவர்கள் அரிது. ஐந்து ரோட்டில் மாடியில் இயங்கும் இந்தப் பராமரிப்பு நிலையத்தார் அந்த அரியவர்களில் சேர்வார்கள் என்பதால், எங்களுக்கு அவர்கள் செய்துகொடுத்த வேலையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஏற்காட்டில் உள்ள ஒரு காபித் தோட்டத்தின் கணக்குகளை அஸ்தம்பட்டி அலுவலகத்தில் பராமரிக்கிறோம். ஆள்கூலி, பறித்த பழத்தின் எடை, மிளகு இருப்பு எல்லாம் லினக்ஸின் ஒரு வகையான உபுண்டு 22.04 நிறுவிய ஒரே கணினியில் இருக்கின்றன. மலை மேலிருக்கும் எழுத்தர் எக்ஸ்ஆர்டிபி (xrdp) என்ற தொலைத்திரை மென்பொருள் வழியாக அதன் திரையைத் தம் இடத்தில் திறந்து பதிவு செய்கிறார். கோப்புகள் இடம் மாறாமல் திரைக்காட்சியும் விசைத் தட்டல்களும் மட்டுமே போய் வருவதால், இணைய வேகம் குறையும் மழை நாட்களிலும் இந்த ஏற்பாடு தாங்கும். பறிப்பு மும்முரமாக நடந்த சமயத்தில், மின்வெட்டு முடிந்து கணினி மீண்டும் உயிர்பெறும்போது, எக்ஸ்ஆர்டிபி சில நாட்கள் கிளம்பியது, சில நாட்கள் கிளம்பவில்லை. முதலில் வந்து பார்த்த வேறொரு கடைக்காரர், ஓஎஸ்ஸை, அதாவது இயங்குதளத்தையே, மறுபடி போட்டால்தான் தீரும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த நிலையத்திலிருந்து வந்தவர் சொன்ன முதல் வார்த்தை, "எதையும் அழிக்க வேண்டாம் சார், அது என்ன சொல்லுதுன்னு பார்த்துடலாம்" என்பதுதான். எக்ஸ்ஆர்டிபி என்பது ஒரே நிரல் அன்று, இரண்டு சேவைகள் சேர்ந்தது. 3389 என்ற போர்ட்டில், அதாவது இணைப்புகள் வந்து சேரும் எண்ணிட்ட வாசலில், வெளியிலிருந்து வரும் இணைப்பை ஏற்பது அதே பெயர் கொண்ட எக்ஸ்ஆர்டிபி சேவை. பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்த்து, அவருக்கான டெஸ்க்டாப்பைத் திறந்து கொடுப்பது செஸ்மேன். இரண்டின் நிலையையும் தனித்தனியே கேட்டுப் பார்த்ததில் செஸ்மேனில் கோளாறு எதுவும் தெரியவில்லை. எக்ஸ்ஆர்டிபி மட்டும் தோல்வி என்று சிவப்பு எழுத்தில் நின்றது. ஆகவே பயனர் கணக்குகளையும் டெஸ்க்டாப்பையும் தொட வேண்டிய தேவையே இல்லை என்பது அங்கேயே முடிவாகிவிட்டது. பிறகு நிரல் தன் செயல்களையும் பிழைகளையும் எழுதிவைக்கும் லாக் கோப்பின் கடைசி வரிகளைத் திறந்து, கேட்ட முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது, அதாவது அந்தப் போர்ட்டை வேறொரு நிரல் பிடித்திருக்கிறது, என்று சொல்லும் வரியின் மேல் விரலை வைத்து எனக்கும் படித்துக் காட்டினார்.

அந்தப் போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது யார் என்று அடுத்த கட்டளையில் கேட்டபோது, க்னோம் ரிமோட் டெஸ்க்டாப் என்ற பெயர் வந்தது. உபுண்டுவின் டெஸ்க்டாப்பான க்னோமுடன் வரும் திரைப்பகிர்வு நிரல் அது. உபுண்டு 22.04இல் செட்டிங்ஸில் டெஸ்க்டாப் பகிர்வை இயக்கினால் அதுவும் எக்ஸ்ஆர்டிபி பயன்படுத்தும் ஆர்டிபி என்ற தொலைத்திரை முறையிலேயே, அதே 3389இல் இயங்குகிறது; எங்கள் அலுவலகத்தில் யாரோ எப்போதோ அந்தப் பொத்தானை இயக்கி வைத்திருக்கிறார்கள். மின்சாரம் வந்ததும் கணினி தானாக லாகின் ஆகும்படி அமைத்திருந்ததால் இரண்டு நிரல்களும் சில விநாடிகள் இடைவெளியில் எழுகின்றன. எது முந்துகிறதோ அதற்கே போர்ட், பிந்துவது எக்ஸ்ஆர்டிபி என்றால் அது நின்றுவிடும். ஒரு நாள் வேலை செய்து மறுநாள் செய்யாமல் போனதன் புதிர் இவ்வளவுதான். ஓஎஸ்ஸை மாற்றிப் போட்டிருந்தாலும், பின்னர் யாராவது அதே பொத்தானை மீண்டும் அழுத்தியிருந்தால் பழைய கதையே திரும்பியிருக்கும்.

எக்ஸ்ஆர்டிபியின் அமைப்புக் கோப்பில் போர்ட்டை 3390 என மாற்றியும் சமாளிக்கலாம். ஆனால் அப்படிச் செய்தால் தோட்டத்தில் உள்ள ஒவ்வொரு கணினியிலும் புது எண்ணைக் கொடுக்க வேண்டிவரும் என்று விளக்கி, யாருக்கும் தேவைப்படாத அந்தப் பகிர்வை அணைத்தார். கணினியைப் பலமுறை நிறுத்தி எழுப்பி, ஒவ்வொரு முறையும் ஏற்காட்டு எழுத்தரைத் தொலைபேசியில் அழைத்து இணைந்து பார்க்கச் சொன்ன பிறகே எழுந்தார். தானாக லாகின் ஆகும் அதே பயனர் பெயரில் வெளியிலிருந்தும் நுழைந்தால் க்னோமில் வெறும் கறுப்புத் திரை மட்டும் வரக்கூடும் என்பதால், எழுத்தருக்கெனத் தனிப் பயனர் கணக்கு உருவாக்கியதும் நாங்கள் கேட்காமலே செய்த உதவி.

குறைகளும் உண்டு. ரவுட்டரில் 3389 போர்ட் இணையம் முழுவதற்கும் திறந்தே கிடந்ததை நான் கேட்ட பிறகுதான் பேச்சில் எடுத்தார்கள். கடவுச்சொல்லை ஊகித்து நுழையப் பார்க்கும் நிரல்கள் ஓயாமல் தட்டும் போர்ட் இது. சர்வர் வேலைக்கு வருபவர்கள் முதலில் சொல்ல வேண்டிய எச்சரிக்கை. கேட்டதும் வயர்கார்டு என்ற விபிஎன் (அனுமதி பெற்ற கணினிகள் மட்டும் நுழையும் மறைகுறியிட்ட தனிவழி) அமைத்துக் கொடுத்து ரவுட்டரில் அந்த வழியை அடைத்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம். காலையில் வருவதாகச் சொல்லி மதியம் தாண்டி வந்தார்கள். பில்லில் 'சர்வீஸ்' என்ற ஒற்றைச் சொல்லே இருந்தது. என்ன மாற்றினார்கள் என்பதைக் கேட்டுத் தனியே எழுதி வாங்கினேன்.

கூலி நியாயமானது, பார்த்த நேரத்துக்கு மட்டும் வாங்கினார்கள். அங்கே லினக்ஸ் அறிந்தவர் ஒருவரே என்பதால், சர்வர் வேலை என்று குறிப்பிட்டு முன்கூட்டியே நேரம் வாங்கிக்கொள்வது நல்லது. அவர் வரும்வரை லாக் கோப்புகளை யாரும் அழிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் கணினியில் காரணம் அங்கேதான் எழுதியிருந்தது.