நீல வாண்டா வாங்கப் போறவங்க இதைப் படிச்சுட்டுப் போங்க

போன வருஷத்துக்கு முந்தின ஆவணியில, வாட்ஸப்புல செடி விக்கிற ஒருத்தர்கிட்ட 3,800 ரூபாய் அனுப்பி வாண்டாங்கற வகை ஆர்க்கிட் ஒண்ணு வாங்குனேனுங்க. "மேகாலயா காசி மலைக்காட்டு நீல வாண்டாங்க்கா, நாலே பீஸ்தான் வந்துச்சு, உங்களுக்குன்னு ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன்"னார். ஜவுளிக்கடையில இதையே சொன்னா சிரிச்சுட்டு வெளிய வந்துருவேன். செடின்னதும் புத்தி மழுங்கிப் போச்சு.

திருப்பூருக்குக் கூரியர்ல வந்த பெட்டியைப் பிரிச்சா, வேரெல்லாம் பாதியில பிஞ்சு கிடக்குது. ரெண்டு வேர்ல மரப்பட்டை அப்படியே ஒட்டியிருக்குது. இலையில பழைய பூச்சிக்கடி, அடியில பாசி. மரத்துல இருந்து பிச்சு எடுத்த செடிதான் இப்படி வரும்னு இப்பத் தெரியுது. அன்னிக்குக் கேட்டதுக்கு, "இயற்கையா வளர்ந்ததுங்க்கா, அதான் ஒரிஜினல்"னு பதில். நானும் அதையே பெருமையா வீட்டுல சொன்னேன்.

தென்னை நார்த்தூள்ல நட்டுத் தினமும் தண்ணி ஊத்தச் சொன்னார். ஒரே மாசத்துல மூணு வேர் அழுகிருச்சு. வாண்டா வேர் காத்துல தொங்கோணும். வேரைச் சுத்தி பஞ்சு மாதிரி ஒரு உறை இருக்கும்; காஞ்சா வெள்ளி நிறம், நனைஞ்சா பச்சை. பச்சை மறுபடி வெள்ளியாகற வரைக்கும் அடுத்த தண்ணி வேண்டாம். மரச்சட்டக் கூடையில கரித்துண்டு போட்டுத் தொங்கவிட்ட பிறகுதான் உசிர் தங்குச்சு. எங்க போர்த்தண்ணி வேற, பக்கெட்டுலயே உப்பு வெள்ளையாப் படியும். சிறுவாணித் தண்ணி குடிக்கற கோயமுத்தூர்க்காரங்களுக்கு இந்த ரோதனை புரியாது. மழைத்தண்ணியைக் குடத்துல பிடிச்சு வெச்சுத் தெளிச்சேன்.

சித்திரை வெயில்ல கூட அது வாடலை. நான் என்னமோ பெரிய கைராசிக்காரின்னு நினைச்சுக்கிட்டேன். காசி மலைக் குளிர்ல வளர்ற செடி திருப்பூர் வெயில்ல எப்படி இத்தனை தெம்பா நிக்கும்னு அப்பவே யோசிச்சிருக்கோணும்.

இந்த வைகாசியில பூ விட்டுச்சு. படத்துல காட்டுனது உள்ளங்கை அகலத்துக்கு நீலப் பூ. விட்டது ரெண்டு விரல் அகலத்துல, மஞ்சளும் பழுப்புமாக் கட்டம் போட்ட பூ, நடு உதட்டுல மட்டும் கொஞ்சம் நீலம். வாசம் என்னமோ அருமையா இருந்துச்சு. கோபியில இருந்து வந்திருந்த அமுச்சி (அம்மாவோட அம்மா) பாத்துட்டு, "ஏங் கண்ணு, நம்ம தோட்டத்து மாமரத்துல கிடக்கற புல்லுருவியவா காசு குடுத்து வாங்குன?"ன்னாங்க.

புல்லுருவி இல்லீங்க. அது மரத்துச் சாறை உறிஞ்சும். இது மரத்துல சும்மா தொத்திக்கிட்டு, மழையையும் பட்டையில சேர்ற தூசியையும் வெச்சுப் பொழைக்கும். பேரு வாண்டா டெஸ்ஸெலாட்டா, நம்ம சமவெளி மரங்கள்லயே கிடைக்கறது. 1820ல வாண்டாங்கற பேரினத்தையே இதை வெச்சுத்தான் வகுத்தாங்க. ஆக, "வாண்டா" வரைக்கும் அவர் சொன்னது நிஜம், "நீல"தான் பொய்.

பூவைப் படம் எடுத்து அனுப்புனேன். "மண்ணு மாறினா கலர் மாறுங்க்கா"ன்னார். மண்ணையே தொடாத செடிக்கு! அடுத்த மெசேஜுக்குள்ள பிளாக்.

இதுல இன்னொரு கூத்து. நிஜமாவே காட்டு நீல வாண்டாவை அவர் அனுப்பியிருந்தா, நான்தான் மாட்டியிருப்பேன். 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துல பாதுகாக்கப்பட்ட செடிகள் பட்டியல்ல அது இருக்குது. காட்டுல இருந்து பிடுங்கறதும் தப்பு, வாங்கறதும் தப்பு. 1850ல ஹூக்கர்ங்கற தாவரவியலாளர் காசி மலையில ஏழு ஆள் சுமை நீல வாண்டா பிடுங்கி லண்டன் கியூ தோட்டத்துக்கு அனுப்புனார், உசிரோட போய்ச் சேர்ந்தது கொஞ்சந்தான். அந்தப் பிடுங்கல் இன்னும் நிக்கலை.

அதனால "காட்டுச் செடி"ன்னு யாராவது பெருமை பேசினா அங்கயே விட்டுருங்க. நீலம்தான் வேணும்னா கலப்பின வாண்டாக்கள் இருக்குது. ராத்ஸ்சைல்டியானாங்கற கலப்பினம் 1931லயே பதிவானது. அதையும் பூவோட இருக்கறப்ப, நேர்ல பாத்து வாங்குங்க. பூ இல்லாத வாண்டாவை இலையை மட்டும் பாத்து நம்மளை மாதிரி ஆளுங்க கண்டுபிடிக்கறது கஷ்டம். அனுப்பற செடியோட வேர்ப் படத்தையும் கேளுங்க, நெட்டுல எடுத்த பூப் படம் வேண்டாம்.

எந்தம்பி இதைவிட மோசம், "ஆர்க்கிட் விதை 100" பாக்கெட் வாங்குனான். ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும், உள்ள சாப்பாடே கிடையாது. முளைக்க ஒரு பூஞ்சை துணை வேணும், இல்லாட்டி ஆய்வுக்கூடத்துல சர்க்கரை போட்ட கூழ் வேணும். இவன் தொட்டியில தூவி விட்டான். முளைச்சது ஏதோ கீரை.

என்னோட செடி இப்ப கோபியில, அமுச்சி வீட்டு மாமரத்துல கயித்தால கட்டியிருக்குது. என் நம்பரைத்தான் பிளாக் பண்ணியிருக்கார், என் கொழுந்தியா போன்ல அவர் ஸ்டேட்டஸ் இன்னும் தெரியுது. நேத்துக்கூட அதே நீலப் பூப் படம், அடியில "நாலே பீஸ்தான்".