கறுப்புக் கார், திருவொற்றியூர்த் தூசு: நூல் கோடுகள் போக நான் போட்டுப் பார்த்த மூன்று பாலிஷ்

எங்கள் கார் கறுப்பு. 2019-இல் எடுக்கும்போதே வீட்டில் வேண்டாம் என்றார்கள். கறுப்பின் மேல் எனக்கு ஆசை, எடுத்துவிட்டேன். இரண்டாவது வருடம் ஒரு சாயங்காலம் வெயில் பானெட்டில் சாய்வாக விழுந்தபோதுதான் பார்த்தேன், சிலந்தி வலை மாதிரி வட்டம் வட்டமாக நூல் கோடுகள். நிழலில் ஒன்றுமே தெரியாது. வெயில் பட்டால் கறுப்பே சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். அன்று மனசு ரொம்பவே கஷ்டப்பட்டது. அதற்கப்புறம் மூன்று விதமான பொருள்களைப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

முதலில் கோடு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். எண்ணூர் நெடுஞ்சாலை எங்கள் தெருவுக்குக் கூப்பிடு தூரம். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் ராத்திரி பகல் பார்க்காமல் ஓடும். பக்கத்திலேயே கடல், உப்புக் காற்று வேறு. காலையில் காரின் மேல் விரல் வைத்தால் கறுப்பாக ஒட்டும், நறநறவென்று இருக்கும். அந்தத் தூசைத்தான் கார் துடைக்க வருகிறவர் தினமும் உலர்ந்த மஞ்சத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். உப்புத்தாளை வைத்துத் தேய்ப்பதும் அதுவும் ஒன்றுதான். அவர்மேல் குற்றமில்லை, எப்படித் துடைக்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை.

முதலில் வாங்கியது, கீறலை நீக்கும் என்று அட்டையில் போட்டிருந்த சின்ன டியூப். தேய்த்த அன்றைக்குக் கோடுகள் மாயமாகப் போயின. மூன்றே வாரம், நாலு முறை ஷாம்பு போட்டுக் கழுவியதும் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. இப்படிப்பட்ட பொருள்களில் எண்ணெயும் மெழுகும் அதிகம். அவை கோட்டுப் பள்ளத்தை அடைத்துக் கண்ணுக்கு மறைக்கும், அவ்வளவுதான். இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, பாலிஷ் போட்ட இடத்தை மெல்லத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். கோடு உண்மையிலேயே போயிருந்தால் அப்போதும் தெரியாது.

அடுத்து, பெயிண்ட் கடையில் கேட்டு வாங்கிய ரப்பிங் காம்பவுண்டு, அதாவது பூச்சைத் தேய்த்து எடுக்கிற கெட்டியான பசை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தகடு கொதிக்கிற நேரத்தில் டிரைவர் பக்க டோரில் போட்டுத் தேய்த்தேன். உடனே காய்ந்து ஒட்டிக்கொண்டது. எடுக்க இன்னும் அழுத்தித் தேய்த்தேன். கோடு போனது, அந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் புகை படிந்த மாதிரி மங்கிவிட்டது. சாத்தாங்காடு பக்கம் பல வருடமாகக் கார் பெயிண்டிங் செய்கிற பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"இன்னா தம்பி, மேல இருக்கற கண்ணாடிப் பூச்சே கொஞ்சூண்டுதான். அதையும் தேச்சி எடுத்துட்டா அப்புறம் எதை வெச்சி பளபளப்பு வரும்?" என்றார்.

அவர் சொன்னது அப்படியே உண்மை. நிறத்துக்கு மேலே அடிக்கும் கிளியர் கோட் பெரும்பாலான கார்களில் 40, 50 மைக்ரான்தான் இருக்கும். நம் தலைமுடியின் தடிமனே ஏறக்குறைய 70 மைக்ரான். உண்மையான பாலிஷ் கீறலை நிரப்புவதில்லை, கீறலைச் சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்து மட்டமாக்குகிறது. வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் அதே பூச்சுதான். டோர் விளிம்பிலும் மடிப்பிலும் அது சீக்கிரம் தேய்ந்துவிடும், அங்கே கைவைக்கவே கூடாது. பெரியவர் மெஷினில் நுரைப் பஞ்சு மாட்டி, நைசான பாலிஷ் போட்டு அந்த மங்கலை எடுத்துக் கொடுத்தார். நகத்தை வைத்துப் பார்க்கும் பழக்கமும் அவரிடம் கற்றதுதான். கோட்டின் குறுக்கே நகத்தை இழுத்தால் மாட்டக் கூடாது. மாட்டினால் அது பாலிஷில் போகாது, டச்-அப் பெயிண்ட்தான்.

இரண்டரை வருடமாக என்னிடம் இருப்பது மெகுயர்ஸ் அல்டிமேட் காம்பவுண்ட். 450 மில்லி பாட்டில், இன்னும் கால்வாசி மிச்சம். கிளியர் கோட்டுக்கு ஏற்றது, கையாலும் போடலாம் என்பதால்தான் இதை எடுத்தேன். கையால் தேய்ப்பவர்களுக்கு இது முக்கியம், ஏனென்றால் சில காம்பவுண்டுகள் மெஷின் வேகத்துக்கென்றே செய்யப்பட்டவை. காலை ஆறு மணிக்கு, தகடு குளிர்ந்திருக்கும்போது ஆரம்பிப்பேன். முதலில் கழுவுவேன், பிறகு கிளே பார் என்கிற களிமண் மாதிரியான கட்டியைத் தேய்த்து ஒட்டியிருக்கும் துகளை எடுப்பேன். இதை விட்டுவிட்டு பாலிஷ் போட்டால் அந்தத் துகளே புதுக் கோடு போடும். கறுப்பு பிளாஸ்டிக் ஓரங்களில் மாஸ்கிங் டேப். அங்கே காம்பவுண்டு பட்டால் வெள்ளையாகப் படிந்து லேசில் போகாது. இரண்டடிக்கு இரண்டடி இடத்துக்கு நாலைந்து சொட்டுப் போதும். பானெட்டுக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் ஆனது, தோள் வலி இரண்டு நாள் இருந்தது.

பானெட்டில் இருந்த நூல் கோடுகளில் பெரும்பகுதி போய்விட்டது. ஆல்கஹால் வைத்துத் துடைத்தும் பார்த்தேன், திரும்ப வரவில்லை. பாலிஷ் போட்ட இடத்தில் கிளியர் கோட்டுக்கு மேலே பாதுகாப்புக்கு எதுவும் இருக்காது என்பதால் மெழுகு வைப்பேன். எங்கள் பக்கத்து உப்புக் காற்றில் அது இரண்டு மாதம் நின்றாலே அதிகம், தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் பரவ ஆரம்பித்தால் மறுபடி வைக்க வேண்டும். காம்பவுண்டை வருடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் தொடுவதில்லை.

கழுவுவதிலும் மாற்றம் செய்தேன். இப்போது பைப்பைத் திறந்து தூசை முழுக்க இறக்கிய பிறகுதான் துணி காரைத் தொடும். ஷாம்புக்கு ஒரு பக்கெட், துணியை அலச ஒரு பக்கெட். போர் தண்ணீரில் கழுவி அப்படியே காயவிட்டால் கறுப்பில் வெள்ளைப் புள்ளி விழுகிறது, அதனால் மெட்ரோ தண்ணீர் வரும் நாளில்தான் கழுவுகிறோம். ஆர்.ஓ. மெஷினின் கழிவுத் தண்ணீரைச் சிலர் காருக்கு ஊற்றுகிறார்கள். அதில் உப்பு இன்னும் அதிகம், தயவுசெய்து வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்தபோது சக்கரத்துக்கு மேல்வரை வண்டல் காய்ந்து கிடந்தது. துடைத்துவிடலாமா என்று கை பரபரத்தது. மூன்று நாள் காத்திருந்து, நல்ல தண்ணீர் வந்ததும் ஊறவைத்து இறக்கினோம். அந்தச் சேற்றால் ஒரு கோடுகூட விழவில்லை.

பின்பக்க டோரில் பைக் ஹேண்டில் உரசிய இரண்டு கோடுகள் அப்படியே இருக்கின்றன. நகம் மாட்டுகிறது. அவற்றைத் தேய்க்க மாட்டேன். அந்த டோரை ஏற்கெனவே இரண்டு முறை தேய்த்தாயிற்று, இனி அங்கே பூச்சு எவ்வளவு மிச்சமோ அது இருக்கட்டும்.