சாப்டூர் மலைத் தங்கச் சுரங்கம்: சாம்பிளில் இருந்தது அசல் தங்கம்தான்

கேஸ் நடந்துகொண்டிருக்கிறது. அதனால் தங்கச் சுரங்கம் காட்டுகிறேன் என்று என்னை ஏமாற்றிய ஆளின் பேரையும் ஊரையும் எழுத மாட்டேன், கேட்காதீர்கள். கதையை மட்டும் முழுசாக எழுதுகிறேன். இதே கதையோடு அவன் இந்நேரம் வேறு யார் கடை வாசலிலாவது டீ குடித்துக்கொண்டிருப்பான். எனக்குப் போனது மூன்று லட்சத்து நாற்பதாயிரம். என் மச்சினனுக்குக் கணுக்கால் முறிந்தது தனிக்கணக்கு.

திருமங்கலத்தில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன், இருபத்திரண்டு வருஷமாக. எரிந்துபோன காயிலை எடைக்குப் போட வருகிறவன் செம்புக்கட்டுக்கு நடுவில் இரும்புத்துண்டைச் செருகியிருந்தால், கையில் தூக்கிய உடனே சொல்லிவிடுவேன். அந்தத் திமிரும் நான் விழுந்ததற்கு ஒரு காரணம்.

போர் மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்துதான் பழகினான். காசை எண்ணி வைத்தான், பேரம் பேசவில்லை. மூன்றாவது தடவை வந்தபோதுதான் மலைப் பேச்சை எடுத்தான். வெள்ளைக்காரன் காலத்தில் சாப்டூர் மலைக்கு மேலே எஸ்டேட் போட வந்த துரை ஒருத்தன், வெங்கச்சங்கல்லில் மஞ்சள் நரம்பு ஓடுவதைப் பார்த்தானாம். குகை வெட்டினானாம். கூலியாட்கள் ஏழு பேர் உள்ளேயே செத்துப்போக, வாயைப் பாறையால் அடைத்துவிட்டுக் கப்பலேறினவன் திரும்பவே இல்லையாம். அதற்கு முன்னால் அது சித்தர்கள் இடமாம். கன்னிமார் ஏழு பேரும் கருப்பும் இன்றைக்கும் காவலாம்.

வெளியூர்க்காரர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். எங்கள் பக்கம் சதுரகிரிக் கதை கேட்காமல் வளர்ந்த பிள்ளை கிடையாது. கோயில் கட்டப் பணம் போதாமல் தவித்த வாமதேவன் என்ற வணிகனுக்காகக் காலாங்கிநாதர் உலோகத்தைப் பொன்னாக்கும் தைலம் செய்தார், மிச்சத் தைலத்தைக் கிணற்றில் விட்டு மூடிக் காவல் வைத்தார் என்று என் அப்பத்தா சொல்லும். தைலக்கிணறு எங்கே என்று கேட்டால், "அது கண்ணுக்குத் தெரியாதுடா, தெரிஞ்சவன் சொல்ல மாட்டான்" என்று முடித்துவிடும். அவன் புதுசாக எதையும் நட வேண்டியிருக்கவில்லை. அப்பத்தா போட்ட விதைக்குத் தண்ணீர் ஊற்றினான், அவ்வளவுதான்.

உண்மையையும் நிறையக் கலந்தான். கோலார் சுரங்கத்தை 2001-ல் மூடியபோது தங்கம் தீர்ந்துவிடவில்லை என்றான். சரிதான். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போய், டன் கணக்கில் பாறையை உடைத்துச் சில கிராம் எடுப்பது கட்டுப்படியாகாமல்தான் மூடினார்கள் என்பதை விட்டுவிட்டான். 1880 வாக்கில் நீலகிரியில் தேவாலா, பந்தலூர் பக்கம் தங்கம் எடுக்க லண்டனில் கம்பெனி கம்பெனியாகத் தொடங்கினார்கள் என்றான். அதுவும் சரி. சில வருஷத்திலேயே அதில் பணம் போட்டவர்கள் மண்ணைக் கவ்வினார்கள் என்பது நான் பிறகு படித்தது. கீழடியில் தங்க நகைத் துண்டு கிடைத்ததையும் இழுத்தான். அது மனுஷர் செய்து போட்டுக்கொண்ட நகை, அதற்கும் மலைக்குள் சுரங்கம் இருப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஒரு நாள் செல்போனில் அமெரிக்கா வீடியோ ஒன்றைக் காட்டினான். அரிசோனாவில் சூப்பர்ஸ்டிஷன் மலை. ஜேக்கப் வால்ட்ஸ் என்ற ஜெர்மன்காரர் தங்கச் சுரங்கத்தின் இடத்தைச் சொல்லாமலே 1891-ல் இறந்துபோனார், இன்றைக்கும் தேடிப் போகிறவர்களை மலை விடுவதில்லை என்று ஓடியது. "பாத்தீகளாண்ணே, வெள்ளக்காரனுக்கே காவல் இருக்கு" என்றான். ஏமாந்த பிறகு மகளை உட்காரவைத்து அதைப் பற்றி முழுசாகப் படித்துச் சொல்லச் சொன்னேன். 1931-ல் அடால்ஃப் ரூத் என்ற பெரியவர் வரைபடத்தோடு அந்த மலைக்குள் போய்க் காணாமல் போனார், ஆறு மாதம் கழித்து மண்டையோடுதான் கிடைத்தது. 2010 ஜூலையில் யூட்டாவிலிருந்து போன மூன்று பேர் அந்த வெயிலில் மாட்டிக்கொண்டார்கள், அடுத்த வருஷம்தான் உடல் கிடைத்தது. மலையோ பெரும்பாலும் எரிமலைப் பாறை, தங்கம் எதிர்பார்க்கிற இடமே இல்லை என்கிறார்கள் நிலவியல்காரர்கள். அங்கே ஆளை அடித்தது வெயிலும் தாகமும்தான். ஆனால் "தாகம்" என்று சொன்னால் யார் பயப்படுவான்?

இனி சாம்பிள் கதை. இதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும்.

மாசி மாதம் ஒரு பகல் என்னையும் மச்சினனையும் அடிவாரத்து ஓடைக்குக் கூட்டிப் போனான். மணல் எங்கே அள்ளுவது என்று என்னையே காட்டச் சொன்னான். நானே இறங்கி, நானே அள்ளினேன். தகதகவென்று மின்னியதைப் பார்த்து நான் துள்ளியபோது, "அட அது காக்காப்பொன்னுண்ணே, தூக்கிப் போடுங்க" என்று சிரித்தான். அசல் தங்கத்தைச் சுத்தியால் அடித்தால் தகடாகும், போலி மஞ்சள் கல் தூளாகும், கந்தக வாடை வரும் என்று அடித்தே காட்டினான். போலியை இப்படிச் சொல்லிக் கொடுக்கிறவன் போலியாக இருப்பானா? அந்த இடத்திலேயே நான் பாதி விழுந்தாயிற்று.

மரத்தட்டில் மணலைப் போட்டுத் தண்ணீரில் சுழற்றிச் சுழற்றி அரித்தான். வாயில் பீடி. இடையிடையே புகையை இழுத்துச் சாம்பலைத் தட்டினான். கறுப்பு மணல் மட்டும் அடியில் தங்கியபோது அதில் மஞ்சள் பொடி ஒட்டியிருந்தது. விரல் நுனியால் தொட்டுப் பார்த்தேன், கனமாக, மிருதுவாக. எட்டுத் தட்டு அரித்ததில் எண்ணூறு மில்லிகிராம் தேறியது. பீடியும் எட்டோ ஒன்பதோ குடித்தான். ஒன்று கூட எனக்கு நீட்டவில்லை. பீடி குடிக்கிறவன் பக்கத்தில் இருப்பவனுக்கு நீட்டாமல் குடித்து நான் பார்த்ததே இல்லை, அன்றைக்கு அது உறைக்கவில்லை.

"எங்க வேணா கொண்டுபோய் டச் பாருங்க. ஆனா எங்க கெடச்சதுன்னு மட்டும் வாயத் தொறந்துறாதீக. சொன்னா கரியாப் போகும்" என்றான். புதையலைப் பற்றி வெளியே சொன்னால் கரியாகிவிடும் என்பது நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதானே. எனக்குத் தெரிந்த ஆசாரி அண்ணனிடம் அப்பத்தாவின் பழைய தோட்டை அரத்தால் ராவியது என்று பொய் சொன்னேன். அவர் வெங்காரம் போட்டு ஊதிச் சின்ன மணியாக உருட்டிக் கொடுத்தார். அதை மதுரை தெற்காவணி மூல வீதிப் பக்கம் தங்கத்தின் சுத்தம் பார்க்கிற ஒரு டச் கடையில் மெஷினில் வைத்தேன். சீட்டு வந்தது, சதவீதக் கணக்கில்: தங்கம் 91.42, செம்பு 4.96, வெள்ளி 2.88, துத்தநாகம் 0.62, காட்மியம் 0.12. முதல் வரியை மட்டும் படித்தேன். தொண்ணூத்தொண்ணு! சட்டைப் பையில் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போது நெஞ்சு அடித்துக்கொண்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

கிராம் எட்டாயிரத்தைத் தாண்டிய நேரம் அது. ஆறாயிரத்துச் சொச்சம் ரூபாய்த் தங்கத்தைத் தூவியிருக்கிறான். பூஜைக்கென்று நாற்பதாயிரம், வெடிமருந்துக்கும் கூலியாட்களுக்கும் ஒரு லட்சம், கடைசியாகக் காணிக்கை இரண்டு லட்சம் என்னிடம் மட்டும் வாங்கினான். அந்த இரண்டு லட்சத்துக்கு வீட்டுக்காரியின் சங்கிலி அடகுக்குப் போனது, கடைக்குச் சரக்கு எடுக்க என்று சொல்லி. எங்களோடு இன்னும் மூன்று பேர். அவர்கள் கணக்கு அவர்களோடு.

பங்குனி அமாவாசை. சதுரகிரிக்குப் போகிற கூட்டத்தோடு கூட்டமாக ஆம்னியில் சாப்டூர் தாண்டி இறங்கினோம். "செல்போன் சத்தம் கேட்டா கன்னிமார் கதவ அடைச்சிருவாக" என்று எல்லார் போனையும் ஒரு மஞ்சப்பையில் வாங்கி அவன் கையாளிடம் கொடுத்தான். பத்தரைக்கு ஏறத் தொடங்கி மூன்றரை வரை நடை. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், அதுவும் பாதி வழியிலேயே காலி.

ஒரு பாறைக்கு அடியில் பொந்து மாதிரிக் குழி. அவன் கற்பூரத்தை ஏற்றித் தட்டோடு கயிற்றில் இறக்கினான். பத்தடி போவதற்குள் அணைந்துவிட்டது. "சாமி மூச்சு" என்றான். எல்லாரும் கும்பிட்டோம்.

நான் கிணற்று மோட்டார் பார்க்கிறவன். பாழடைந்த கிணற்றில் இறங்கும்முன் விளக்கை இறக்கிப் பாருங்கள், அணைந்தால் கீழே மூச்சு விடக் காற்று இல்லை, இறங்கினால் பிணம்தான் என்று எத்தனை சம்சாரிகளிடம் சொல்லியிருப்பேன்! அந்த இருட்டில் எனக்கும் அது சாமி மூச்சாகத்தான் தெரிந்தது. "எறங்கட்டுமா?" என்று நானே கேட்டேன். நல்லவேளை, அவனுக்கு வேண்டியது காணிக்கை மூட்டை மட்டும்.

மூட்டையை எடுத்துக்கொண்டு எல்லை பூஜைக்கென்று பாறைக்குப் பின்னால் போனான், கையாளும் பின்னாலேயே. "நான் கூப்புடுற வரைக்கும் ஆரும் திரும்பிப் பாக்கக் கூடாது. பாத்தா ரத்தம் கக்குவீக." ஐந்து பேரும் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தோம், விடிகிற வரைக்கும். அரும்பு மீசைப் பையன்கள் இல்லை, எல்லாரும் நாற்பது தாண்டிய குடும்பஸ்தர்கள்.

விடிந்த பிறகுதான் நிஜமான பயம் வந்தது. வழி தெரியாது, தண்ணீர் இல்லை, போன் இல்லை. ஈரம் காயாத யானை லத்தி கிடந்தது. தீ மூட்டிப் புகை காட்டலாம் என்று ஒருவர் காய்ந்த புல்லைச் சேர்த்தார். "குரங்கணிய மறந்துட்டீகளாண்ணே?" என்று மச்சினன் கத்தினான். 2018 மார்ச்சில் போடி பக்கம் அந்தக் காட்டுத்தீயில் 23 பேர் போனார்கள், அதே மாதிரி கருகின புல்லுச் சரிவு. தீப்பெட்டியைப் பிடுங்கி எறிந்த பத்தாவது நிமிஷம் அவனே ஓடைச் சரிவில் வழுக்கி விழுந்தான்.

பதினொரு மணிக்கு வேட்டைத் தடுப்புக் காவலர்கள் இரண்டு பேர் எங்களைக் கண்டுபிடித்தார்கள். முதலில் தண்ணீர் கொடுத்தார்கள், பிறகு திட்டினார்கள். 2021-லிருந்து அந்தக் காடு புலிகள் காப்பகம். அத்துமீறி நுழைந்ததற்கு அபராதம் கட்டினோம். "ஃபாரஸ்ட்ல எல்லாம் பேசியாச்சு" என்று அவன் சொன்னதும் கதைதான்.

போலீஸுக்குப் போக மற்ற மூன்று பேரும் வரவில்லை. நாமே தப்புப் பண்ணப் போனவர்கள்தானே என்ற பயம். அவன் காட்டைத் தேர்ந்தெடுத்ததே அதற்குத்தான். வக்கீலும் சுற்றி வளைக்கவில்லை: லைசென்ஸ் இல்லாமல் தங்கம் தோண்டவே முடியாது. புதையல் என்றாலும் 1878-ஆம் வருஷச் சட்டப்படி பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனாலும் ஏமாற்றியது ஏமாற்றியதுதான், புகார் கொடுங்கள் என்றார். நம் வாயில் இன்னும் 420 என்றே வருகிறது, புதுச் சட்டத்தில் இப்போது 318.

புகாரோடு வைக்க அந்த டச் சீட்டைத் தேடி எடுத்து ஆசாரி அண்ணனிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிப் போட்டுக் கடைசி இரண்டு வரியில் விரலை வைத்தார்.

"ஏப்பா, ஆத்துல கெடக்குற தங்கத்துல வெள்ளி இருக்கும். துத்தநாகமும் காட்மியமும் எங்கருந்து வரும்? இது கேடிஎம் நகைய ராவுன பொடி. காட்மியம் கலந்து ஒட்டு வச்ச எடமும் சேந்து வந்துருக்கு."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லண்ணே?"

"நீதான அப்பத்தா தோடுன்னு சொன்ன? நகையின்னா ஒட்டுப்பொடி இருக்கத்தான செய்யும். ஓடையில எடுத்தேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அங்கயே ஒன் கையப் புடிச்சிருப்பேன்."

அப்போதுதான் "சொன்னா கரியாப் போகும்" என்பது எதற்கு என்று புரிந்தது. கரியாகியிருக்கும்தான், அவன் பிழைப்பு. கன்னிமார் போனைப் பிடுங்க, ரத்தம் கக்குவது திரும்பிப் பார்க்காமலிருக்க, சாமி மூச்சு குழிக்குள் எட்டிப் பார்க்காமலிருக்க. பொடி வைத்துப் பேசுவது என்று சொல்வார்களே, எனக்கு நிஜமாகவே பொடி வைத்துவிட்டான், பீடிக்குள் வைத்துச் சாம்பலோடு தட்டில் தட்டி. மகள் இன்னொன்றும் சொன்னாள்: பிரீ-எக்ஸ் என்ற கனடா கம்பெனி இந்தோனேசியக் காட்டில் பெரிய தங்க வயல் கண்டதாகச் சொல்லிப் பங்கு விற்றதாம். சாம்பிளில் வெளித் தங்கத்தைக் கலந்திருந்தது 1997-ல் வெளியே வந்ததாம். முதலில் கலந்தது நகையைச் சுரண்டின பொடி என்று சொன்னபோது என் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து, "அவிங்களும் பீடிதான் குடிச்சாய்ங்களா?" என்று கேட்டாள். சங்கிலி இன்னும் மீளவில்லை, பேச அவளுக்கு உரிமை உண்டு.

நத்தம் பக்கத்துக்காரர் ஒருவர் போன வாரம் கடைக்கு வந்து விசாரித்தார். அதே துரை, அதே ஏழு கூலியாட்கள், மலை மட்டும் சிறுமலை. அவரிடமும் மணி உருட்டி டச் பார்த்த சீட்டு இருக்கிறதாம், இன்னும் பணம் கொடுக்கவில்லையாம். உங்களில் யாரிடமாவது அப்படிச் சீட்டு இருந்தால் முதல் வரியைப் பார்த்தது போதும். கீழே துத்தநாகம், காட்மியம் என்று வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால், மணல் அள்ளிய ஓடையின் பேரைச் சொல்லியே ஒரு ஆசாரியிடம் காட்டிவிட்டு, சீட்டோடு ஸ்டேஷனுக்குப் போங்கள். என் புகாரோடு சேர்க்க இன்னொருவர் இருந்தால் கேஸுக்கு பலம் என்கிறார் வக்கீல்.