ப்ரூஸ் லீக்குத் தொப்பை போட்ட கடை

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலூர் லாங் பஜார் பக்கம், கீழே பாத்திரக் கடை, மேலே ஒரு மாடிப்படி. பழைய வீடியோ கேசட்டுகளைப் பென்டிரைவில் ஏற்றித் தருகிற கடை. ஒன்பது கேசட் கொடுத்தேன், ஒன்பதும் உருப்படியாகத் திரும்பி வந்தன. கேசட்டுக்கு 350 ரூபாய். ஒன்றுகூட கேசட் ஓட்டும் டெக்கில் சிக்கி அறுந்துபோகவில்லை. கடையின் பெயரைப் போடப்போவதில்லை. கொஞ்ச நேரத்தில் திட்டப்போகிறேன், ஆனால் அந்த அண்ணன் நல்ல மனிதர்.

கேசட்டுகள் என் நைனாவுடையவை. குடியாத்தத்தில் 1985 முதல் எட்டு வருடம் வீடியோ லைப்ரரி வைத்திருந்தார். ஒரு நாள் வாடகை பத்து ரூபாய். காதுகுத்து வீட்டுக்காரர்கள் டெக்கும் டிவியும் சேர்த்து ராத்திரிக்கு எடுத்துப் போவார்கள். புது ரஜினி படம் வெளியே போயிருந்தால் அடுத்து கேட்பது 'சண்டை கேசட்'தான். கதை என்ன என்று யாராவது கேட்டால் நைனா எல்லாப் படத்துக்கும் ஒரே பதில் வைத்திருந்தார்: "குருவைக் கொன்னுடுவான், இவன் கத்துக்குவான், அப்புறம் அடிப்பான். எடுத்துனு போ." அந்தக் கேசட்டுகள் அசலா நகலா என்று என்னிடம் கேட்காதீர்கள். அன்றைக்கு யாருமே கேட்கவில்லை.

கடை மூடியபோது விற்றது போக இருபத்து மூன்று கேசட் மிச்சம். டிரங்குப் பெட்டியில் போட்டு வைத்திருந்தோம். 2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பிக் கௌண்டன்யா ஆற்றில் வெள்ளம் வந்தபோது வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, ஓதம் மட்டும் ஏறியது. ஆறு மாதம் கழித்துப் பெட்டியைத் திறந்தால் கேசட் ஜன்னலுக்குள் டேப்பின் ஓரமெல்லாம் வெள்ளைப் பவுடர்.

"இன்னா டீச்சர், மாவு கொட்டி வெச்சிருக்கீங்க?" என்றார் கடைக்காரர். பூஞ்சை. அதை அப்படியே டெக்கில் போட்டால் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டையும் கெடுக்கும். ஒவ்வொரு கேசட்டாகத் திருகாணி கழற்றித் திறந்து, டேப்பைத் துடைத்து, ஒரு தடவை முழுக்க முன்னால் ஓட்டி, ஒரு தடவை பின்னால் சுற்றி, அதன் பிறகுதான் பதிவு. நடுநடுவே ஸ்பிரிட் தொட்டு ஹெட் துடைப்பது வேறு. ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையில் கையை விரித்த பிறகு உலகத்தில் புது வி.சி.ஆர். செய்பவர் கிடையாது. இவர் மூன்று பழைய டெக் வைத்திருக்கிறார். ஒன்று ஓடுவதற்கு, இரண்டு உறுப்பு தானம் செய்வதற்கு. 350 ரூபாய் அதிகம் என்று நினைத்துக்கொண்டு படியேறியவள், இதைப் பார்த்ததும் பேரம் பேசவில்லை.

இப்போது திட்டு.

பத்து நாள் கழித்துப் பென்டிரைவை வாங்கி வந்து வீட்டு டிவியில் போட்டேன். முதல் படம் 'வே ஆஃப் த டிராகன்', 1972, ப்ரூஸ் லீ தானே எழுதி இயக்கியது. ரோம் நகரத்து கொலோசியத்தில் சக் நாரிஸுடன் மோதுவாரே, அதுதான். சட்டையைக் கழற்றினார். தொப்பை! உடம்பில் ஒரு சொட்டுக் கொழுப்பில்லாத மனிதருக்கு எங்கள் தெரு மளிகைக்காரர் உடல்வாகு. விஷயம் இதுதான். பழைய டிவி கிட்டத்தட்டச் சதுரம், இன்றைய டிவி அகலம். திரை முழுக்க நிறையட்டும் என்று கடைப் பையன் படத்தை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துவிட்டிருக்கிறான். அடுத்து 'மேக்னிஃபிசென்ட் புட்சர்'. அதன் நாயகன் சாம்மோ ஹங் ஏற்கெனவே கனத்த உடம்பு, இழுத்துவிட்டதில் அவர் தண்ணீர் லாரி ஆகிவிட்டார்.

அதைக்கூடச் சிரித்துவிட்டு விடலாம். சத்தத்தில் செய்ததுதான் பொறுக்கவில்லை. டேப் இரைச்சலைக் குறைக்கிறேன் என்று ஒரு ஃபில்டர் போட்டிருக்கிறார்கள். குங்ஃபூ படத்தில் கை காற்றைக் கிழிக்கும் 'விஷ்க்', சட்டைக் கை உதறும் 'படக்', எல்லாமே ஸ்டுடியோவில் பிறகு சேர்த்த சத்தங்கள். அன்றைய ஹாங்காங்கில் படப்பிடிப்பில் ஒலியே பதிவு செய்வதில்லை, வசனமும் அடியும் பின்னால்தான் ஏறும். அந்த 'விஷ்க்'கை ஃபில்டர் இரைச்சல் என்று நினைத்துத் தின்றுவிட்டது. வாய் அசைகிறது, கை பறக்கிறது, சத்தம் தலையணையைத் தட்டுவதுபோல 'பொத்'. ரசத்தைத் தெளிய வைக்கிறேன் என்று மிளகு சீரகத்தையும் சேர்த்து வடிகட்டிய கதை.

திரும்பப் போனேன். முகம் சுளிக்காமல் ஒன்பதையும் புதிதாக, இழுக்காமல், ஃபில்டர் போடாமல் எடுத்துத் தந்தார். காசு வாங்கவில்லை. ஆனால் இதற்கு நான் குடியாத்தத்திலிருந்து இரண்டு முறை பஸ் ஏற வேண்டியிருந்தது. நீங்கள் போனால் முதல் நாளே இரண்டு வார்த்தை சொல்லிவிடுங்கள்: படம் இழுக்கக் கூடாது, சத்தத்தில் கை வைக்கக் கூடாது.

கடைக்காரர் மேல் பழி போட முடியாத குறை ஒன்று உண்டு. ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸ் கம்பெனிப் படங்கள் தியேட்டருக்காகப் பக்கவாட்டில் அகலமாக எடுத்தவை. கேசட்டுக்கு மாற்றியவர்கள் இரண்டு ஓரத்தையும் வெட்டி நடுவை மட்டும் வைத்தார்கள். '36த் சேம்பர் ஆஃப் ஷாலின்' (1978, இயக்கம் லாவ் கார்-லியுங்) கேசட்டில் இருவர் எதிரெதிரே நின்று முறைக்கும்போது, இடப்பக்கம் ஒரு மூக்கு, வலப்பக்கம் ஒரு முழங்கை, நடுவில் வெறும் சுவர். சிறுவயதில் அது ஏதோ பெரிய கலை நுட்பம் என்று நினைத்திருந்தேன். ஓரம் வெட்டாத நல்ல பிரதியில் அந்தப் படத்தை இப்போதுதான் பார்த்தேன். நாயகன் கார்டன் லியு கைகளில் கத்தி கட்டிக்கொண்டு தண்ணீர் வாளி சுமக்கும் இடம், கை கொஞ்சம் இறங்கினால் விலாவில் குத்தும். படத்தில் பாதிக்கும் மேல் பயிற்சிதான், சண்டை அப்புறம். அலுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவள் சொல்கிறேன், படிப்பைப் பற்றி இவ்வளவு நல்ல படம் எனக்குத் தெரிந்து கிடையாது. ஆகவே, நல்ல பிரதி வெளியே கிடைக்கிற படத்துக்கு இந்தக் கடையில் காசு கொடுக்காதீர்கள். வேறெங்கும் கிடைக்காததை, வீட்டு விசேஷப் பதிவை மட்டும் எடுத்துப் போங்கள். நான் அப்படிச் செய்யவில்லை. நைனா கையெழுத்தில் லேபிள் ஒட்டிய கேசட் எனக்கு வேறெங்கும் கிடைக்காதே.

சிரிப்புச் சண்டைப் படங்கள்தான் கேசட்டிலும் குறையாமல் நிற்கின்றன. 'டிரங்கன் மாஸ்டர்' (1978) பார்த்தபோது நைனா சொன்னது நினைவிருக்கிறது: "இவனுங்க கூத்துக்காரப் பசங்க பாப்பா." ஜாக்கி சான், சாம்மோ ஹங், யுவென் பியாவ் மூவரும் ஹாங்காங்கில் ஒரே பீக்கிங் ஓபரா (சீனக் கூத்து) பள்ளியில், யூ ஜிம்-யுவென் என்ற ஒரே வாத்தியாரின் பிரம்படியில் வளர்ந்தவர்கள் என்று எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. நைனாவுக்கு அதெல்லாம் தெரியாது. திரௌபதியம்மன் திருவிழாவில் விடிய விடியக் கூத்துப் பார்த்த கண், அவ்வளவுதான். ராஜா வேஷக்காரன் முறைப்பாக ஆடும்போது பக்கத்தில் கட்டியங்காரன் தடுக்கி விழுந்து கிண்டல் செய்வானே, விழுவதிலும் தாளம் தப்ப மாட்டானே, அதே வேலை. பழைய ஹாங்காங் நடிகர் குவான் டாக்-ஹிங் 1949 முதல் எழுபதுக்கும் மேற்பட்ட படங்களில் மரியாதைக்குரிய வாத்தியாராக நடித்த வோங் ஃபெய்-ஹங் என்ற நிஜச் சீனக் குங்ஃபூ வீரரை, இந்தப் படத்தில் ஜாக்கி சான் அடங்காப் பிள்ளையாக்கிக் குடிகாரக் குத்துக் கற்க அனுப்புகிறார். ராஜா வேஷத்தைக் கட்டியங்காரனுக்குக் கொடுத்த மாதிரி.

கேசட்டில் இந்தச் சண்டைகள் கொஞ்சம் வேகமாகவும் தெரியும். சினிமா வினாடிக்கு 24 ஃபிரேம், நம் ஊர் டிவி முறையில் 25 ஆக ஓடும். 111 நிமிடப் படம் 107க்குள் முடிந்துவிடும், குரலும் ஒரு இழை கீச்சென்று ஏறும். சிரிப்புப் படத்துக்கு அது நல்லதுதான். சோகக் காட்சியில் மட்டும் குரு எலிக்குட்டிபோல அழுவார்.

'டிரங்கன் மாஸ்டர்' கேசட்டிலேயே இரண்டாவது படமாக 'ஸ்நேக் இன் த ஈகிள்ஸ் ஷேடோ' இருக்கிறது. அதே 1978, அதே இயக்குநர் யுவென் வூ-பிங், அவருடைய அப்பா யுவென் சியூ-டியன்தான் இரண்டிலும் கிழட்டுக் குரு. மூன்று மணி நேரக் கேசட்டில் இரண்டு படத்தைத் திணித்தால் என்ன ஆகும்? பூனையும் நாகமும் சண்டை போடுவதைப் பார்த்து ஜாக்கி சான் புதுப் பிடி கண்டுபிடிப்பார், அதற்குப் பிறகு கொஞ்ச நேரத்தில் டேப் தீர்ந்துவிடும். கடைசிச் சண்டை கிடையாது. கடைப் பையனிடம் கேட்டுப் பார்த்தேன். "டேப்புல இருக்கிறதுதானேம்மா வரும்" என்றான். நியாயம்தான்.

சின்ன வயதில் முடிவை நைனாதான் சொல்வார். அந்தப் பூனையே ஓட்டு மேலிருந்து குதித்து வந்து வில்லன் முகத்தைப் பிறாண்டும், அவன் கண் தெரியாமல் தடுமாறும்போது ஜாக்கி சான் ஒரே உதை. போன வாரம் முழுப் படத்தையும் பார்த்தேன். பூனை வரவே இல்லை.