ஈரக்கோணியா, ஐஸ் பெட்டியா, ஃபிரீசரா? வடசென்னை வெயிலில் இனிப்புச் சோளம்

செடியிலிருந்து ஒடித்த பிறகும் சோளக்கதிர் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கிறது. முத்துக்குள் சேர்த்துவைத்த சர்க்கரையில் ஒரு பங்கை அது எரித்துவிடுகிறது; பெரும்பங்கை மாவுச்சத்தாக மாற்றிக்கொள்கிறது. ஒடித்த அன்று நகத்தால் கீறினால் பால் தெறித்த முத்து, மறுநாள் மாலை வாயில் மாவாக ஒட்டுவது இதனால்தான். இந்த மாற்றத்தின் வேகம் சூட்டைப் பொறுத்தது. சாதாரண இனிப்புச் சோள ரகத்தில், 30 டிகிரி செல்சியஸில் ஒரே நாளில் 60 சதவீதம் வரை சர்க்கரை மாவாகிவிடும். 0 டிகிரியில் அதே ஒரு நாளில் 6 சதவீதம்தான் போகும்.

தண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் மே மாதத்தில் இரவு உணவு முடிந்து படுக்கப் போகும் நேரத்தில்கூட வெப்பம் 30 டிகிரியை ஒட்டியேதான் இருக்கும். அதற்கு முன்பே சோளம் வெளியூர்த் தோட்டத்தில் ஒடிக்கப்பட்டு, மூட்டையாகக் கட்டப்பட்டு, லாரியில் கோயம்பேட்டுக்கு வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவிலோ மினி வேனிலோ நம் பக்கம் வந்து சேர்ந்திருக்கிறது. நெருக்கமாக அடுக்கிய மூட்டைக்குள் சோளத்தின் சொந்த மூச்சுச் சூடும் வெளியேற வழியின்றித் தேங்குகிறது. நம் கைக்கு வரும்போதே அதன் இனிப்பில் ஒரு பகுதி செலவாகியிருக்கும். போனதைத் திரும்பக் கொண்டுவர எந்த முறையாலும் முடியாது. ஆகவே ஒவ்வொரு முறையையும் ஒரே அளவுகோலில்தான் நிறுத்துப் பார்க்கிறேன்: கதிரின் சூட்டை எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு கீழே இறக்குகிறது?

ஈரக்கோணி

தள்ளுவண்டிக்காரர்கள் பலர் நம்புவது இதைத்தான். சோளத்தைக் குவித்து, நனைத்த கோணிப்பையைப் போர்த்தி, மணிக்கொரு முறை தண்ணீர் தெளிப்பார்கள். செலவு கிடையாது, மின்சாரம் வேண்டாம், மேல்தோல் வாடாமல் பச்சையாகத் தெரியும்.

ஆனால் ஈரக்கோணி குளிர்விப்பது தண்ணீர் ஆவியாவதால்தான். காற்று வறண்டிருந்தால் தண்ணீர் வேகமாக ஆவியாகும், கோணி நன்றாகக் குளிரும். சேலத்திலோ திருச்சியிலோ கோடைப் பகலில் இந்த முறைக்கு நல்ல பலன் இருக்கும். ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் கடற்காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு வீசுகிறது. வேர்வையே உலராத காற்றில் கோணி மட்டும் எப்படி உலரும்? நம் கோடையில் ஈரக்கோணிக்கு அடியில் வெப்பம் 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்காது. நவம்பர் மழைக்காலத்தில் காற்று ஏறக்குறைய முழு ஈரத்தில் இருப்பதால் கோணியால் குளிர்ச்சியே கிடைக்காது, பூஞ்சைக்குத்தான் வழி.

முத்து சுருங்காமல் காப்பது என்ற ஒரு வேலையை மட்டும் ஈரக்கோணி ஒழுங்காகச் செய்கிறது. கதிரின் எடையில் 2 சதவீதம் ஈரம் போனாலே முத்தின் தலையில் குழி விழத் தொடங்கும். அதைத் தடுக்கும் அளவில் கோணி நல்லது. இனிப்பை அது காக்காது. காலையில் வாங்கி மாலைக்குள் விற்றுத் தீர்க்கிற வியாபாரத்துக்கு, வேறு வழியே இல்லையென்றால், இதை ஏற்கலாம். தண்டை வாளித் தண்ணீரில் நிறுத்திவைப்பதும் இதே வகைதான்: வாட்டம் தணியும், மாவாவது நிற்காது.

ஐஸ் பெட்டி

என் தேர்வு இதுதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விற்பவருக்கும் சரி, விருந்துக்காக மொத்தமாக வாங்கும் வீட்டுக்கும் சரி, அன்றும் மறுநாளும் சாப்பிடப்போகிற சோளத்துக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. சோளத்துக்குப் பிடித்த இடம் 0 டிகிரிக்கு அருகே, 95 சதவீதத்துக்கு மேல் ஈரம். வாழைப்பழம்போலக் குளிரில் கறுத்துப்போகும் சுபாவம் அதற்கு இல்லை. உருகுகிற ஐஸ் இந்தக் குளிரையும் ஈரத்தையும் ஒன்றாகவே தருகிறது; ஃபிரிட்ஜ் குளிரைத் தரும்போது ஈரத்தைப் பறித்துக்கொள்கிறது.

கணக்கும் எளிது. 33 டிகிரியில் இருக்கும் 10 கிலோ சோளத்தை 5 டிகிரிக்கு இறக்க ஏறக்குறைய 3 கிலோ ஐஸ் உருக வேண்டும். பெட்டிச் சுவர் வழியாக உள்ளே வரும் சூடு, திறந்து மூடும்போது நுழையும் காற்று, சோளத்தின் மூச்சு இவற்றுக்கெல்லாம் சேர்த்து 5, 6 கிலோ வைத்தால் மாலை வரை தாங்கும். தெர்மாகோல் பெட்டியின் அடியில் ஒரு சிறு துளை போட்டுவிட வேண்டும். உருகிய தண்ணீர் தேங்கினால் அடியில் கிடக்கும் கதிர்கள் ஊறிப்போகும். கதிரின் நீண்ட தண்டையும், வெளியே விரிந்து நிற்கும் இலைகளையும் வெட்டிவிட்டு, உள்தோலோடு அடுக்கி, ஒரு அடுக்கு சோளம், ஒரு அடுக்கு ஐஸ் என்று வைக்கலாம். வெறுமனே மேலே ஐஸ் கொட்டினால் குளிர் அடிவரை இறங்க நேரமாகும். அவசரமென்றால் பெட்டியில் அடுக்குவதற்கு முன் கதிர்களை ஐஸ் தண்ணீரில் ஒரு மணி நேரம் அமிழ்த்திவைப்பது இன்னும் நல்லது. குளிர்ந்த தண்ணீர் கதிரை எல்லாப் பக்கமும் தொடும், காற்றைவிடப் பல மடங்கு வேகமாகச் சூட்டை இழுக்கும்.

இங்கே நம் பகுதிக்கே உரிய ஒரு வசதியும் ஓர் ஆபத்தும் இருக்கின்றன. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி ஐஸ் கட்டி கிடைப்பதற்குக் குறைவில்லை. உடைத்துக் கோணியில் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் அது மீனுக்காகச் செய்யப்படும் ஐஸ். குடிக்கத் தகுந்த தண்ணீரில் செய்ததாக நாம் எண்ணிக்கொள்ளக் கூடாது. உண்ணத் தகாத ஐஸை அடையாளம் காண நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் 2018-இல் அறிவுறுத்தியது. நிறம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த ஐஸைத் தடித்த பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வைத்தால் மட்டுமே சோளத்தோடு ஒரே பெட்டியில் போடலாம். முத்தில் அந்தத் தண்ணீர் படவே கூடாது. எப்படியும் வேகவைக்கத்தானே போகிறோம் என்ற சமாதானத்தை நான் ஏற்கமாட்டேன். அதே கையும் அதே பெட்டியும்தான் வெந்த சோளத்தையும் அதில் தூவும் மிளகாய்த்தூளையும் தொடப்போகின்றன.

வீட்டுக்கு இவ்வளவு ஏற்பாடு வேண்டாம். நான்கு கதிர் வாங்கி வர, ஃபிரீசரில் உறையவைத்த அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றும் மூடிய பையும் போதும். எம்.சி. ரோட்டில் துணிக்கடை வேலை முடிந்து பஸ்ஸில் பெரம்பூருக்கோ மணலிக்கோ திரும்புகிறவர்கள், சோளத்தைக் கடைசியாக வாங்கி, பையில் பாட்டிலோடு ஒட்டிவைத்துக் கொண்டுபோகலாம்.

ஃபிரிட்ஜ்: தோலோடா, உரித்தா?

அதிகம் சண்டை நடப்பது இந்த இடத்தில்தான். தோல் இயற்கை உறை, உரித்தால் காய்ந்துவிடும் என்பது ஒரு கட்சி. தோல்தான் முத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சி ஆவியாக்குகிறது என்பது இன்னொரு கட்சி. இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. தோல் வாட வாட, முத்திலிருந்து ஈரத்தை இழுக்கும். அதே தோல் ஃபிரிட்ஜின் வறண்ட காற்று நேரடியாக முத்தில் படாமலும் தடுக்கும். நான் செய்யச் சொல்வது இடைவழி: வெளித்தோல்களை நீக்கிவிட்டு உள்ளே மெல்லிய இரண்டு தோலை மட்டும் விட்டு, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி வைக்க வேண்டும். முழுக்க உரித்தால் ஈரம் போகாதபடி ஒவ்வொரு கதிரையும் இறுகச் சுற்றியாக வேண்டும். சூப்பர் மார்க்கெட்டில் தட்டில் வைத்துப் படலம் ஒட்டி விற்கும் சோளத்தை நான் குறை சொல்லவில்லை. அது குளிர்ப்பெட்டியில் இருக்கிறதா, வெளியே அடுக்கில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வெளியே இருந்தால், தோலோடு வண்டியில் கிடக்கும் கதிரைவிட அது எந்த விதத்திலும் உயர்ந்ததில்லை.

தோலைப் பற்றி இவ்வளவு வாதாடுகிறவர்கள், ஃபிரிட்ஜ் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. 0 டிகிரியில் 5 முதல் 8 நாள் தாங்கும் சோளம் 5 டிகிரியில் 3 முதல் 5 நாள்தான் தாங்கும். 10 டிகிரியில் 2 நாள். கோடையில் பிள்ளைகள் குளிர்ந்த தண்ணீருக்காக மணிக்குப் பத்து முறை திறக்கும் ஃபிரிட்ஜில் கதவுப் பக்கமும் காய்கறித் தட்டும் 10 டிகிரியை எட்டிவிடலாம். அதனால் சோளத்துக்குக் காய்கறித் தட்டு வேண்டாம். ஃபிரீசருக்கு நேர் கீழே, பின்சுவரை ஒட்டிய இடம்தான் சரி. வெங்காயத்தாளும் மீனும் பக்கத்தில் இருக்கக் கூடாது. சோளம் அந்த வாசனையை எளிதில் பிடித்துக்கொள்ளும்.

வேகவைத்து வைப்பது

வாங்கிய அன்றே முழுவதும் சாப்பிட முடியாது, மறுநாளோ அடுத்த நாளோதான் வேண்டும் என்றால், பச்சையாக ஃபிரிட்ஜில் வைப்பதைவிட வேகவைத்து வைப்பதே மேல். சர்க்கரையை மாவாக்குவது முத்துக்குள் இருக்கும் நொதிகள். கொதிநீர் பட்டால் அவை செயலிழந்துவிடும். அந்த நிமிடத்தில் இருக்கும் இனிப்பு அப்படியே நிற்கும். ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்தால் 3, 4 நாள் சாப்பிடலாம். வேகவைத்த சோளத்தை இரவு முழுக்க அடுப்படியில் விட்டுவிடுவது மட்டும் ஆபத்து. இனிப்பும் ஈரமும் நிறைந்த பண்டம். நம் வெப்பத்தில் கிருமிகள் பெருக அதற்குமேல் ஒன்றும் வேண்டாம்.

தள்ளுவண்டியில் நாள் முழுக்க ஆவியில் வைத்திருப்பது இதோடு சேராது. 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்வரை கிருமி பெருகாது, சரி. மணிக்கணக்கில் ஆவியில் கிடக்கும் முத்தின் தோல் தடித்து, உள்ளே கூழாகிவிடும். வியாபாரிக்கு நான் சொல்வது: பாதியை மட்டும் ஆவியில் வையுங்கள் அண்ணே, மீதி ஐஸ் பெட்டியில் பச்சையாக இருக்கட்டும், கேட்கக் கேட்க வேகவையுங்கள். வெந்து கிடந்ததற்கும் இதற்கும் வித்தியாசம் முதல் கடியிலேயே வாடிக்கையாளருக்குத் தெரியும்.

ஃபிரீசர்

ஒரு வாரத்துக்கு மேல் வைக்க வேண்டுமென்றால் வேறு போட்டியே இல்லை. ஆனால் மூன்று விதமாகச் செய்கிறார்கள், மூன்றும் ஒன்றாகாது. பச்சைக் கதிரை அப்படியே உறையவைப்பது மிக மோசம். நொதிகள் உறைநிலையிலும் மெதுவாக வேலை செய்து, சில வாரங்களில் வைக்கோல் வாசனையைக் கொண்டுவந்துவிடும். முழுக்கதிரைக் கொதிநீரில் போட்டு உறையவைப்பது பரவாயில்லை. முத்துகள் ஒட்டியிருக்கும் நடுத்தக்கைவரை சூடு ஏற வேண்டுமென்பதால் சிறிய கதிருக்கு 7 நிமிடம், நடுத்தரத்துக்கு 9, பெரியதற்கு 11 நிமிடம் கொடுக்க வேண்டும். நேரம் குறைந்தால் தக்கையின் வாடை முத்துக்கு ஏறும். மூன்றாவது வழிதான் வீட்டுக்கு ஏற்றது: கதிரைக் கொதிநீரில் 4 நிமிடம் போட்டு, உடனே ஐஸ் தண்ணீரில் அமிழ்த்தி, முத்தைக் கத்தியால் சீவி, துணியில் ஈரம் ஒற்றி, தட்டில் பரப்பி உறையவைத்து, பிறகு காற்றை அழுத்தி வெளியேற்றிய பையில் கட்டுவது. மைனஸ் 18 டிகிரியில் எட்டு மாதத்துக்குக் குறையாமல் சுவை நிற்கும். பரப்பி உறையவைத்தால் முத்துகள் ஒன்றோடொன்று ஒட்டாது. சூப்புக்கு ஒரு கைப்பிடி மட்டும் எடுக்கலாம். இடமும் மிச்சம்.

இந்த முறையின் பலவீனம் மின்சாரம். நிறைந்த ஃபிரீசர் திறக்காமல் இருந்தால் இரண்டு நாள் உறைந்தே இருக்கும்; பாதி நிறைந்தது ஒரு நாள்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் சூழ்ந்த வடசென்னைத் தெருக்களில் மின்சாரம் எத்தனை நாள் இல்லை என்பதை இங்கே இருக்கிற யாரும் மறந்திருக்க மாட்டார்கள். புயல் எச்சரிக்கை வந்தால் ஃபிரீசரின் காலி இடத்தைத் தண்ணீர் பாட்டில்களால் நிரப்பிவிடுங்கள்.

ரகம் பற்றி ஒரு வார்த்தை. இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லாக்னன் 1950-களில் அதிக இனிப்புக்குக் காரணம் என்று கண்டறிந்த மரபணுவிலிருந்து வந்த அதி இனிப்பு ரகங்களில் சர்க்கரை அதிகம், மாவாவதும் மெதுவாக நடக்கும். அத்தகைய கதிர் ஃபிரிட்ஜில் கூடுதல் நாள் இனிக்கும். ஈரம் போனால் அதுவும் சுருங்கத்தான் செய்யும். வண்டியில் கிடக்கும்போது எது எந்த ரகம் என்று கண்ணால் பிரிக்க முடியாது. எல்லாவற்றையும் சீக்கிரம் கெடும் ரகமாகவே வைத்து நடத்துங்கள்.

மாலை ஆறு மணிக்கு மேல் வண்டியில் மிஞ்சும் கதிர்கள்தான் பெரும்பாலும் வீணாகின்றன. ஐஸ் பெட்டியில் பகல் முழுக்க இருந்த கதிரென்றால், புதிய ஐஸ் போட்டால் மறுநாளும் தயங்காமல் விற்கலாம். கோணிக்கடியில் இருந்த கதிரை இன்னொரு நாள் வைக்காதீர்கள். அன்றிரவே வேகவைத்து, சீவி, ஃபிரீசருக்கு அனுப்பிவிடுங்கள். தெருவுக்கு நாலு டீக்கடை இருக்கிற ஊரில், மசாலா சுண்டலுக்கு அந்த முத்தை வாங்கிக்கொள்ள ஆள் கிடைக்கும்.