பொறியியல் கலந்தாய்வு இணையச் சேவை: இடம் கிடைத்த பிறகு தரப்படும் இரண்டு நாட்கள்

தமிழ்நாட்டில் பொறியியல் படிப்புக்கான ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு 2018 முதல் இணையவழியில் நடக்கிறது. 2019 முதல் அதைத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. என் மகளின் சேர்க்கைக்காக இந்தச் சேவையைப் பயன்படுத்தியவன் என்ற முறையில், தற்காலிக ஒதுக்கீடு வந்த பின் கிடைத்த இடத்தை ஏற்பதா, மேலும் காத்திருப்பதா என்று முடிவெடுக்கும் கட்டத்தை மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன். குடும்பங்கள் அதிகம் தடுமாறுவது அந்தக் கட்டத்தில்தான்.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுகிறேன். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என 200-க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப் மதிப்பெண்ணும், இட ஒதுக்கீடும், மாணவர் தாமே வரிசைப்படுத்திய விருப்பப் பட்டியலும் மட்டுமே ஒதுக்கீட்டைத் தீர்மானிக்கின்றன. முன்பெல்லாம் வெளியூர்க் குடும்பங்கள் இரவுப் பேருந்தில் சென்னைக்கு வந்து, அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் காத்திருந்து, கணினித் திரைக்கு முன்னால் சில நிமிடங்களுக்குள் ஒரு கல்லூரியைச் சொல்ல வேண்டியிருந்தது. இன்று அந்த அவசரமும் அலைச்சலும் இல்லை.

ஒதுக்கீடு வந்ததும் அதை உறுதி செய்ய இரண்டு நாள் அவகாசம் உண்டு. கிடைத்த இடத்தை ஏற்றுச் சேர்ந்துவிடலாம், ஏற்றுக்கொண்டு, பட்டியலில் அதற்கு மேலுள்ள இடங்களுக்காக ‘அப்வர்ட்’ கொடுக்கலாம், கிடைத்ததை விட்டுவிட்டு மேலே உள்ளவற்றுக்கு மட்டும் காத்திருக்கலாம், அடுத்த சுற்றுக்குப் போகலாம், கலந்தாய்விலிருந்தே விலகலாம். இவற்றுள் ‘ஏற்று, அப்வர்ட்’ என்பதைப் பலர் பாதுகாப்பான நடுவழி என்று கருதுகிறார்கள். மேலே எதுவும் கிடைக்காவிட்டால் முதலில் ஏற்ற இடம் கையில் இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் மேலே ஓர் இடம் காலியானால் அது தானாகவே ஒதுக்கப்படும். பழைய இடம் அக்கணமே வேறொருவருக்குப் போய்விடும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அங்கே கிடையாது. எனவே கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் உண்மையான முடிவு, விருப்பங்களை வரிசைப்படுத்தும் நாளிலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. இதை உணராமல், பெயர் பெற்ற கல்லூரிகளை எல்லாம் ஒரு மரியாதைக்காகப் பட்டியலின் உச்சியில் வைப்பவர்களுக்குத்தான் இந்த இரண்டு நாட்கள் கடினமாகின்றன.

நாங்கள் திண்டுக்கல்காரர்கள். மகளின் பட்டியலில் கிண்டி பொறியியல் கல்லூரியும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யும் முதலிரண்டு இடங்களில் இருந்தன. மூன்றாவதாக இருந்த கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னணுவியல் பிரிவு கிடைத்தது. உறவினர்கள் அனைவரும் அப்வர்ட் கொடுக்கத்தான் சொன்னார்கள். “மேல இருக்கிறது கிடைச்சா நிஜமாவே சந்தோஷமாப் போவியா?” என்று அவளிடம் கேட்டேன். ஒரு நாள் முழுக்க யோசித்த பிறகு, “கிண்டின்னா போவேம்ப்பா. ஆனா நம்ம மார்க்குக்கு அது வராது. எம்.ஐ.டி.க்கும் இதுக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியல, கோவைன்னா வாராவாரம் வீட்டுக்கு வரலாம்” என்றாள். சென்ற ஆண்டு அந்தந்தக் கல்லூரியில் எங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவில் கடைசியாக இடம் கிடைத்தவரின் கட்-ஆஃபைப் பார்த்தபோது அவள் கணிப்பு சரியாகவே இருந்தது. இடத்தை ஏற்றுச் சேர்ந்துவிட்டோம். 1945-இல் தொடங்கிய தன்னாட்சிக் கல்லூரி, அரசுக் கல்விக் கட்டணம், விடுதி வசதி ஆகிய மூன்றும் அமைந்த பின் எனக்கும் மறுப்புச் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

சேவையின் குறை, தகவல்கள் இருந்தும் அவை சிதறிக் கிடப்பதுதான். முந்தைய ஆண்டுக் கட்-ஆஃப் ஓரிடத்தில், கல்லூரி விவரத் தொகுப்பு வேறோரிடத்தில், அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் தேர்ச்சி விகிதம் இன்னோரிடத்தில் இருக்கின்றன. தேசிய அங்கீகார வாரியத்தின் (என்.பி.ஏ.) தர அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாக அன்றி ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியாகத் தரப்படுகிறது என்பதைத் தேடிப் படித்தவர்கள் மட்டுமே அறிகிறார்கள். விருப்பப் பதிவுத் திரையில் கல்லூரியின் பெயருக்குப் பக்கத்திலேயே இவை தெரிந்தால், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்குப் பேருதவியாக இருக்கும். இரண்டு நாள் அவகாசமும் போதாது. பெற்றோரில் ஒருவர் வெளியூரில் வேலை பார்க்கும் வீடுகளில் உட்கார்ந்து பேசவே ஒரு நாள் கழிந்துவிடுகிறது.

தனியார் கல்லூரிகளின் நெருக்கடியையும் சொல்ல வேண்டும். முன்பணம் கட்டச் சொல்லி ஒரு கல்லூரியிலிருந்து எங்களுக்கு ஓயாமல் அழைப்பு வந்தது. கலந்தாய்வில் இடம் கிடைத்தபின் முன்பணம் கட்டிப் பெற்ற அத்தகைய சேர்க்கையிலிருந்து விலகத் தயங்குபவர்கள், அசல் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்ற அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதியைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. குறித்த கடைசித் தேதிக்கு முன் விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பதும், அதில் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது என்பதும் அதே குழுவின் விதிகள்தாம். அந்தத் தேதியைக் கேட்டுக் குறித்துக்கொண்ட பிறகே முன்பணம் கட்டுங்கள்.