மின்காரை நானே விற்றேன், அலைந்ததற்குப் பலன் இருந்தது

மூன்று வருடம் ஓட்டிய பிஒய்டி அட்டோ 3 மின்காரைப் புதுக் கார் எடுக்கும் கடையிலேயே கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன், ஆனால் பேட்டரி எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் அவர்கள் சொன்ன விலை மனதுக்குக் கஷ்டமாகிவிட்டது. சரி, நாமே விற்போம் என்று சிங்கப்பூரில் கார் வாங்க விற்க உதவும் எஸ்ஜிகார்மார்ட் இணையத்தளத்தில் விளம்பரம் போட்டேன். வந்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது பேட்டரி பரிசோதனை அறிக்கையை, அப்புறம்தான் சிஓஇ, அதாவது கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ், எத்தனை வருடம் மிச்சம் என்று. அந்த அறிக்கையைக் கட்டாயம் முன்பே எடுத்து வையுங்கள், பாதிப் பேரம் அங்கேயே முடிந்துவிடும். ஐந்து வாரம் ஆனது, கடை சொன்னதைவிட 6,000 வெள்ளி கூடுதலாகக் கிடைத்தது. கார்க் கடனை அடைத்து, வாங்குபவர் காப்புறுதி எடுத்ததும், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் இணையத்தளத்தில் இருவரும் சிங்பாஸ் என்ற மின்னிலக்க அடையாளம் வழியாகப் பெயர் மாற்றத்தை வீட்டிலிருந்தே முடித்துவிட்டோம்.